600013: ராயபுரம் பின்கோடுக்குள் இருக்கும் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கல்மண்டபம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு நாள் பகாக் காரணி பாடம். 84, 120 என்று புத்தகத்து எண்களையே திரும்பத் திரும்ப உடைத்துப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. "சரி, உங்க வீட்டுப் பின்கோடை எடுத்து உடைங்க" என்றேன். 600013. அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. கூட்டிப் போக வரும் பெற்றோரும் படிக்கட்டில் நின்றபடியே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மிஸ், பின்கோடு வெறும் அட்ரஸ் தானே? அதுல என்ன கணக்கு இருக்கு?

தபால்காரருக்கு அது முகவரிதான். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த முறை இது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் இருக்கும் தெற்கு மண்டலம். 600 வரை படித்தால் சென்னை. கடைசி மூன்று இலக்கம் கடிதம் போய்ச் சேர வேண்டிய தபால் நிலையம். இரண்டு பின்கோடுகளைக் கூட்டினால் தபால் துறைக்கு அதில் ஒரு அர்த்தமும் இல்லை.

ஆனால் அதே ஆறு இலக்கத்தைச் சேர்த்துப் படியுங்கள்: ஆறு லட்சத்துப் பதிமூன்று. அது ஒரு முழு எண். தபால் துறை அதை ராயபுரத்துக்குக் கொடுப்பதற்கு முன்பும் அந்த எண் இருந்தது. அது எதால் வகுபடும், எதால் வகுபடாது என்பதை எந்த அலுவலகமும் தீர்மானிக்கவில்லை, யாராலும் மாற்றவும் முடியாது. நான் பேசுவது அந்த எண்ணைப் பற்றி.

ஆறு லட்சம்லாம் ஒரு பெரிய நம்பரா?

கணித உலகத்தில் இது மிகச் சின்ன எண். 2024-ல் கண்டுபிடித்த ஒரு பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் இருக்கின்றன. ஆனால் பேப்பரும் பேனாவும் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு, பார்த்த உடனே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எண் எல்லாமே பெரிய எண்தான். 91-ஐப் பகா எண் என்று அடித்துச் சொல்பவர்கள் எத்தனையோ பேர். அது 7 × 13.

அது பகா எண்ணா இல்லையா? நேராச் சொல்லுங்க மிஸ்.

இல்லை. 600013 = 53 × 11321.

நேராகச் சொல்லிவிட்டேன், ஆனால் இது கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். எட்டாவது படித்த ஒரு பெண் தன் ரஃப் நோட்டில் 2-ல் ஆரம்பித்து வரிசையாக வகுத்துக்கொண்டே வந்தாள். 29-ல் மீதி 3, 31-ல் மீதி 8, 47-ல் மீதி 11. பதினைந்து பகா எண்கள் முடிந்தும் ஒன்றும் வகுக்கவில்லை. பக்கத்துப் பையன்கள் "பகா எண்தான் மிஸ்" என்று முடிவு கட்டிப் பையை மூடிவிட்டார்கள். அவள் பதினாறாவதாக 53-ஐ எடுத்தாள். 60-ல் ஒரு தடவை, மீதி 7. 70-ல் ஒரு தடவை, மீதி 17. 170-ல் மூன்று தடவை, மீதி 11. 111-ல் இரண்டு தடவை, மீதி 5. கடைசி 3-ஐ இறக்கினால் 53. ஒரு தடவை, மீதி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி அவள் போட்ட வட்டம் பேப்பரையே கிழித்துவிட்டது. அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

ஒவ்வொண்ணாலயும் வகுத்துட்டே இருக்கணுமா? ஷார்ட்கட் இல்லையா?

2, 3, 5-க்கு உங்களுக்கே தெரியும். 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே வழி இருக்கிறது. அவற்றைப் பெருக்கினால் 7 × 11 × 13 = 1001. அதனால் ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வருவதை மட்டும் சோதித்தால் போதும். சென்னைப் பின்கோடு எல்லாம் 600-ல்தான் தொடங்குகிறது. ஆக, 600-லிருந்து கடைசி மூன்று இலக்கத்தைக் கழியுங்கள்.

ராயபுரத்துக்கு 600 − 13 = 587. இது 7, 11, 13 எதிலும் வகுபடாது, எனவே 600013-உம் வகுபடாது. திருவொற்றியூர் 600019-க்கு 600 − 19 = 581, அதாவது 7 × 83. அப்படியென்றால் 600019 ஏழால் வகுபட்டே ஆகவேண்டும். வகுத்துப் பாருங்கள், 85717 வரும்.

எது வரைக்கும் வகுத்துப் பார்க்கணும்? இதுக்கு முடிவே இல்லையா?

உண்டு. 775 × 775 = 600625, இது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஒரு எண் இரண்டாக உடைந்தால் இரண்டு துண்டும் 775-க்கு மேல் இருக்க வழியில்லை, பெருக்கினால் தாண்டிப் போகும். அதனால் ஒரு துண்டாவது 774-க்குள் இருக்கும். அந்த எல்லைக்குள் 137 பகா எண்கள் இருக்கின்றன, கடைசி 773. 137 முறை வகுத்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் "பகா எண்" என்று சொல்ல உரிமை வரும். பதினைந்திலேயே பையை மூடக் கூடாது.

11321-ஐ இன்னும் உடைக்க முடியாதா?

முடியாது, அது பகா எண். 53-க்குக் கீழே உள்ள எதுவும் 600013-ஐயே வகுக்கவில்லை, எனவே 11321-ஐயும் வகுக்காது. முந்தைய பதிலில் சொன்ன எல்லை இதற்கு 106. நடுவில் 53-லிருந்து 103 வரை பன்னிரண்டு பகா எண்கள்தான் பாக்கி. அரை மணி நேர வேலை, செய்து பாருங்கள்.

நாங்க பெரம்பூர் மிஸ். எங்களுது என்ன ஆகும்? வியாசர்பாடி?

பெரம்பூர் 600011. இது பகா எண். 137 தடுப்பையும் தாண்டி நிற்கிறது. 600001-லிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதலில் வரும் பகா எண்ணே இதுதான். பாரிமுனைப் பக்கத்து 600001-ஐப் பார்த்தால் உடையவே உடையாது போலத் தோன்றும், ஆனால் 19 × 23 × 1373 என்று மூன்றாக உடைகிறது. வண்ணாரப்பேட்டை 600021 = 3 × 3 × 3 × 71 × 313.

எனக்கு ரொம்பப் பிடித்தது வியாசர்பாடி, 600039. கழித்தல் வழியில் 600 − 39 = 561, அது 11-ல் வகுபடுகிறது. அந்த நூலைப் பிடித்து இழுத்தால் முழுசும் அவிழும்: 3 × 3 × 11 × 11 × 19 × 29. மொத்தம் 36 வகுத்திகள். ராயபுரத்துக்கு நான்கே நான்கு: 1, 53, 11321, 600013. பெரம்பூருக்கு இரண்டு. தபால் உறையில் மூன்றும் ஒரே சாயலில்தான் இருக்கின்றன.

வியாசர்பாடியின் 3 × 3 × 11 × 11-ஐப் பெருக்கினால் 1089. இந்த எண்ணை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக இருக்கும் ஒரு மூன்று இலக்க எண்ணை நினையுங்கள். 752 என்று வைப்போம். திருப்பிப் போட்டால் 257. கழித்தால் 495. அதைத் திருப்பி 594, கூட்டினால் 1089. எந்த எண்ணை நினைத்தாலும் இதே விடைதான். கழித்து 99 வந்தால் 099 என்று வைத்துத் திருப்புங்கள். வியாசர்பாடிப் பிள்ளைகளிடம் இதைக் காட்டிவிட்டு, "இந்த 1089 உங்க பின்கோடுக்குள்ள 551 தடவை இருக்கு" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்க பின்கோடு கூட்டினா 1 வருது. அது நல்ல எண்ணாம்மா?

ஒரு மாணவனின் அப்பா கேட்டது. அண்ணே, 6 + 0 + 0 + 0 + 1 + 3 = 10, 1 + 0 = 1. கூட்டல் சரி. அந்த 1 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 600013-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. பத்து, நூறு, ஆயிரம் எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 வருவதால், இலக்கங்களைக் கூட்டினாலே மீதி தெரிந்துவிடுகிறது. கடைப் பில்லில் பெருக்கல் சரியா என்று பார்க்க அது நன்றாக உதவும். அதற்கு மேல் நல்லது கெட்டது எதையும் அந்த 1 சொல்லவில்லை.

ஒரு நம்பருக்கு எத்தனை பகாக் காரணி இருக்கும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?

ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு முடியாது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எண்களை மொத்தமாக எடுத்தால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆறு லட்சத்தின் அருகில் சராசரியாகப் பதின்மூன்று எண்ணுக்கு ஒன்று பகா எண்.

இன்னொன்றும் உண்டு. 1917-ல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து, பெரும்பாலான எண்களுக்கு வெவ்வேறு பகாக் காரணிகள் மிகக் குறைவு என்று காட்டினார்கள். எண் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த எண்ணிக்கை மிக மெதுவாகத்தான் ஏறும். அவர்கள் சொன்ன அளவுப்படி ஆறு லட்சம் பக்கத்தில் ஏறத்தாழ 2.6. பெரம்பூருக்கு ஒன்று, ராயபுரத்துக்கு இரண்டு, வண்ணாரப்பேட்டைக்கு மூன்று, வியாசர்பாடிக்கு நான்கு. அந்த ராமானுஜன் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது நம்ம துறைமுகத்தில்தான். 1914 மார்ச் 17-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் இங்கேதான். பி.கே. சீனிவாசன் 1993-ல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் ராயபுரத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

1729 மாதிரி நம்ம நம்பருக்கும் ஏதாவது ஸ்பெஷல் இருக்கா மிஸ்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நானும் இந்த எண்ணோடு ரொம்ப நாள் உட்கார்ந்தேன். 1729-ன் சிறப்பு, அது இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக வரும்: 1³ + 12³, 9³ + 10³. அப்படி வரும் எண்களில் மிகச் சின்னது அதுதான். நம் 600013 இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக வருகிறது:

723² + 278² = 522729 + 77284 = 600013

467² + 618² = 218089 + 381924 = 600013

1729 அளவுக்கு இது அபூர்வம் இல்லை, அதை நான் மறைக்கவில்லை. வர்க்கங்களில் இந்த மாதிரி எண்கள் நிறைய உண்டு, 65-லேயே பார்க்கலாம்: 64 + 1, 49 + 16. ஒரு நாள் மொட்டைமாடியில் 65 புளியங்கொட்டைகளைக் கொட்டினேன். எட்டுக்கு எட்டு அடுக்கினார்கள், ஒன்று தனியாக நின்றது. கலைத்துவிட்டு ஏழுக்கு ஏழு அடுக்கினார்கள், பாக்கி பதினாறும் நாலுக்கு நாலாக உட்கார்ந்தது. ஒரு கொட்டை கூட மிச்சமில்லை. ராயபுரத்தில் ஆறு லட்சத்துப் பதிமூன்று கொட்டை இருந்தாலும் இதே மாதிரி இரண்டு விதமாகச் சதுரங்களில் அடுக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

723, 278லாம் எங்கிருந்து வந்துச்சு? குத்துமதிப்பா போட்டுப் பார்த்தீங்களா?

ஒரே ஒரு இடத்தில்தான் அப்படித் தேடினேன். முதலில் காரணிகளைத் தனித்தனியாக எடுத்தேன். 53 = 7² + 2², இது கண்ணுக்கே தெரியும். 11321-க்கு மேலிருந்து ஒவ்வொரு வர்க்கமாகக் கழித்துக்கொண்டு வந்தேன். 85² = 7225-ஐக் கழித்தபோது 4096 வந்தது, அது 64². ஆக 11321 = 85² + 64².

இனி கலப்பதுதான். 7 × 85 = 595, 2 × 64 = 128. இவற்றைக் கூட்டினால் 723, கழித்தால் 467. அடுத்து 7 × 64 = 448, 2 × 85 = 170. கழித்தால் 278, கூட்டினால் 618. ஒன்றில் கூட்டினால் மற்றதில் கழிக்க வேண்டும், அதுதான் ஜோடி சேரும் முறை. இந்தக் கலவைச் சூத்திரம் ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் எழுதியதிலேயே வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் (அ + ஆ)² விரிவை வைத்து இதைத் தாங்களே நிரூபித்துவிடலாம்.

அப்போ பெரம்பூருக்கும் இதே மாதிரி போடலாமா?

முடியவே முடியாது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல் சொல்லவில்லை, தேடவே வேண்டாம் என்று சொல்கிறேன். எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கத்தைக் கூட்டினால் மீதி 0, 1, 2. மூன்று மட்டும் வராது. 600011-ன் கடைசி இரண்டு இலக்கம் 11, அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3. கதை முடிந்தது. வியாசர்பாடிக்கும் அதே மீதி, அதே தீர்ப்பு.

மீதி 1 வரும் பகா எண் என்றால் நேர் எதிர். அதை இரண்டு வர்க்கமாகப் பிரிக்க ஒரே ஒரு வழி கட்டாயம் இருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார், அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். 53-உம் 11321-உம் அந்த ரகம். அப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கினால் சரியாக இரண்டு விதம் வரும். ராயபுரத்துக்கு மூன்றாவது விதம் இல்லை, தேட வேண்டாம்.

மொபைல்ல தட்டினா ஒரு நொடில வந்துடும். எதுக்கு கையால போடணும்?

ஆறு இலக்கத்துக்கு வரும். சௌகார்பேட்டை 600079-ஐக் கையால் எடுத்துப் பாருங்கள். வரிசையாக வகுத்தால் தொண்ணூற்றைந்து பகா எண்கள் தோற்ற பிறகு, தொண்ணூற்றாறாவதாக 503 வந்துதான் கதவு திறக்கும்: 503 × 1193. மீதி நோட்டுப் பக்கங்கள் எல்லாம் வீண் போலத் தோன்றும். ஆனால் 503-ஐயும் 1193-ஐயும் கையில் கொடுத்திருந்தால், ஒரு நிமிடத்தில் பெருக்கி 600079 என்று சொல்லியிருப்பீர்கள். போக எளிது, திரும்பி வரக் கஷ்டம்.

1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் இந்த ஒருவழிப் பாதையை வைத்தே ரகசியக் குறியீட்டு முறை ஒன்றை உருவாக்கினார்கள். இன்று அதில் 617 இலக்க எண்களைப் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு பெரிய எண்ணை உடைக்க உங்கள் மொபைலுக்கும் வழியில்லை, பெரிய கணினிக்கும் இல்லை. ஏன் முடியாது என்பது 600079-ல் ஒரு மாலை செலவழித்த பிள்ளைக்குக் கையிலேயே புரிந்துவிடும், அதற்காகத்தான் கையால் போடச் சொல்கிறேன்.

உடைக்கவே முடியாத அவ்ளோ பெரிய நம்பர் பகா எண்ணான்னு மட்டும் எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, பெரியவர்களே இங்கே குழம்புவார்கள். "உடையுமா" என்பதும் "எப்படி உடையும்" என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு, வகுக்காமலே பதில் சொல்லும் சோதனைகள் உண்டு. ஃபெர்மா வழியில், 2-ஐ அந்த எண் தடவை பெருக்கி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். வராவிட்டால் நிச்சயம் பகா எண் இல்லை. வந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. வியாசர்பாடிக் கணக்கில் கழித்து வந்த 561-ஐ நினைவிருக்கிறதா? 3 × 11 × 17. ஆனாலும் இந்தச் சோதனையில் பகா எண் போலவே தேறிவிடும். 2-க்குப் பதில் வேறு எந்த எண்ணைப் போட்டாலும் தேறும். அப்படி ஏமாற்றும் எண்களில் மிகச் சின்னது அதுதான்.

ஏமாறாத, வேகமான சோதனை உண்டு என்று 2002-ல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மனீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தார்கள்.

அந்த ரெண்டு வர்க்க ஜோடி மட்டும் தெரிஞ்சு, 53 தெரியலைன்னா? திரும்பிப் போக முடியுமா?

போன மாதம் பத்தாவது படிக்கும் ஒரு பையன் கேட்டது. போகலாம், ஆய்லர் காட்டிய வழி இருக்கிறது. ஒற்றைப்படை எண்கள் 723, 467. இரட்டைப்படை எண்கள் 618, 278. முதல் ஜோடியைக் கழித்தால் 256, இரண்டாவதைக் கழித்தால் 340. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 4. அடுத்து முதல் ஜோடியைக் கூட்டினால் 1190, இரண்டாவதைக் கூட்டினால் 896. மீப்பெரு பொதுக் காரணி 14.

4-லும் 14-லும் பாதி எடுங்கள்: 2, 7. வர்க்கம் எடுத்துக் கூட்டுங்கள்: 4 + 49 = 53. ரஃப் நோட்டில் பதினாறாவது முயற்சியில் வந்த அதே 53, இந்தப் பக்கமாக வந்து நிற்கிறது. முதலில் 65-ல் போட்டுப் பழகுங்கள், அதில் 1² + 2² = 5 வரும்.